ஒன்றரை அங்குலம்

என்னிடம் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. அதற்குள் மூன்று சாமான்கள். ஒரு மஞ்சள் ஃபில்டர், ஆரஞ்சு நிறக் கண்ணாடித் தாள் ஒட்டிய ஓர் அட்டை வளையம், அலுமினியத்தில் கடைந்த ஒரு குழாய்த் துண்டு. முதல் இரண்டையும் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டியிருக்கிறேன். மூன்றாவதைக் காட்டியதில்லை. பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது பேரன் அதை எடுத்து, "தாத்தா, இது என்ன, பம்புசெட் சாமானா?" என்று கேட்டுவிட்டான். அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

கேமரா என் தாய்மாமாவுடையது. அப்பாவுக்குச் சாத்தான்குளம் சொந்த ஊர். இங்கிருந்து கருப்பட்டி கொண்டுபோய்க் காரைக்காலில் கடை வைத்து, அங்கேயே பெண்ணெடுத்தவர். நான் பிரெஞ்சு வழியில் படித்ததற்குக் காரணம் அவ்வளவுதான். மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அந்தப் பக்கத்தில் 'சொல்தா' என்பார்கள். இந்தோசீனாவில் சண்டை முடிந்த பிறகு ஜெர்மனியில் இருந்த பிரெஞ்சுப் படையில் கொஞ்ச காலம் கழித்தார். அங்கே ஒருவரிடமிருந்து பழசாக வாங்கியது இந்த லைக்கா 3-சி. எனக்கு அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்து 1975-ல் குடும்பத்தோடு சொந்த ஊர் திரும்பியபோது கையில் கொடுத்தார். "எனக்கு இனிமே கண்ணு சேராது, நீ வச்சுக்க" என்றார். லென்ஸுக்கு மூடி இல்லை, ஃபில்டர் இல்லை, ஹூட் இல்லை. வெறும் கேமரா.

இன்றைய செல்போன்காரர்களுக்கு இந்தக் கேமராவின் ஜாதியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் வெட்ஸ்லார் என்ற ஊரில் எர்ன்ஸ்ட் லைட்ஸ் கம்பெனி செய்தது. ஆஸ்கர் பர்னாக் என்பவர் வடிவமைத்து, 1925-ல் லைப்சிக் சந்தையில் முதலில் விற்பனைக்கு வந்தது. 1932-ல் வந்த மாடலிலிருந்து ரேஞ்ச்ஃபைண்டர் சேர்ந்தது. அதாவது தூரம் பார்க்க இரண்டு சின்ன ஜன்னல்கள். ஒரு துவாரத்தில் கண்ணை வைத்தால் ஆள் இரண்டாகத் தெரிவார். லென்ஸைத் திருப்பத் திருப்ப இரண்டு உருவமும் நெருங்கி வந்து ஒன்றாகும். ஒன்றானால் ஃபோகஸ் சரி. பிறகு பக்கத்துத் துவாரத்துக்குக் கண்ணை மாற்றி, எவ்வளவு இடம் படத்தில் விழும் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கவனிக்க வேண்டியது, இந்த இரண்டு துவாரங்களில் எதுவும் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. லென்ஸ் கீழே தனியாக இருக்கிறது. அது என்ன பார்க்கிறது என்பது அதற்கும் ஃபிலிமுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். லென்ஸ் மேல் மூடி இருந்தாலும் நமக்கு ஊரே வெளிச்சமாகத் தெரியும். பின்னால் எங்கிருந்தோ ஒரு மூடி தேடி மாட்டியதும், அலுவலகத்தில் ஒரு பிரிவு உபசார விழாவில் ஐந்து படம் மூடியோடு எடுத்தேன். ஓய்வு பெற்றவர் மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தார். கேமரா ஓர் ஆட்சேபணையும் தெரிவிக்கவில்லை.

லென்ஸின் பெயர் எல்மார். அதன் முகத்தில் 1:3,5 என்று பொறித்திருக்கும். நடுவில் புள்ளி இல்லை, கமா. ஜெர்மன்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் தசமப் புள்ளிக்குக் கமாதான் போடுவார்கள். பள்ளிக்கூடத்தில் நானும் அப்படித்தான் எழுதிப் பழகினேன். வேலைக்கு வந்த புதிதில் பயணப்படிப் பட்டியலில் அப்படி எழுதி, தலைமை எழுத்தரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுண்டு. இந்தக் கமா பின்னால் வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மாமாவுக்கு இந்தக் கேமராவில் ஒரு பெருமை உண்டு. ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் என்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரர் லைக்காவோடுதான் 1950 ஏப்ரலில் நம் பக்கம் வந்தார். ஏப்ரல் 14 இரவு ரமண மகரிஷி சமாதியடைந்தபோது அவர் திருவண்ணாமலையில் இருந்தார். அதே மாதம் புதுச்சேரியில் அரவிந்தரைப் படமெடுத்தார். அரவிந்தர் அந்த டிசம்பரிலேயே காலமாகிவிட்டார். "அவர் வச்சிருந்ததும் ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ்தான், ஒன்னுதும் ஐம்பதுதான்" என்பார் மாமா. மிச்சமெல்லாம் ஆளைப் பொறுத்தது என்று சொல்லாமல் விட்டது அவருடைய பெருந்தன்மை.

சாத்தான்குளத்துக்கு வந்த பிறகுதான் லென்ஸுக்கு முன்னால் ஏதாவது மாட்டியே ஆக வேண்டும் என்று புரிந்தது. இங்கே மண் அப்படி. குதிரைமொழித் தேரியைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணுக்கெட்டிய மட்டும் சிவந்த மணல், ஆங்காங்கே பனை, முந்திரி, உடை. வைகாசி பிறந்து தென்மேற்குக் காற்று கிளம்பிவிட்டால் மேடு இருந்த இடத்தில் பள்ளமும் பள்ளம் இருந்த இடத்தில் மேடுமாக மணல் நடந்து போகும். சட்டைப் பையில், சோற்றில், காது மடலில் எல்லாம் செம்மண் பொடி. என் எல்மார் பழங்காலத்தது, கண்ணாடியில் மேல்பூச்சு இல்லை. தேரியில் ஒரு நாள் சுற்றிவிட்டு வேட்டி நுனியால் துடைத்தேன். கண்ணாடியில் மயிரிழை போல இரண்டு கீறல். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. மறுநாளே மாமாவுக்குக் கடிதம் எழுதினேன். பதில் பிரெஞ்சில் வந்தது, கோபமாக இருந்தால் அவர் பிரெஞ்சில்தான் எழுதுவார். ஒரு மஞ்சள் ஃபில்டர் வாங்கு, அதைக் கழற்றாதே, துடைப்பதென்றால் அதைத் துடை என்று இருந்தது.

ஃபில்டர் வாங்குவது சொல்வது போல எளிதாக இல்லை. திருநெல்வேலி, தூத்துக்குடி ஸ்டுடியோக்களில் விசாரித்தேன். எல்லா ஃபில்டரும் மரை போட்டவை. லென்ஸின் வாயிலும் மரை இருக்கும், திருகினால் உட்கார்ந்துகொள்ளும். ரஷ்யக் கேமராவின் ஜுபிடர்-8 லென்ஸென்றால் 40.5 மில்லிமீட்டர், யாஷிகா எலெக்ட்ரோ என்றால் 55. என் லென்ஸின் வாயில் மரையே கிடையாது. வழவழவென்று 36 மில்லிமீட்டர் வளையம். அதன் மேல் தொப்பி போலச் செருகி, சின்னத் திருகாணியால் இறுக்கும் ஃபில்டர்தான் சேரும். "மரை இல்லாத லென்ஸா? அப்ப அது லென்ஸே இல்ல சார்" என்றார் ஒரு கடைக்காரர். நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கடைசியில் கிடைத்த இடம் சென்னை மூர் மார்க்கெட், 1985-ல் எரிந்துபோனதே, அது. துறைத் தேர்வு எழுதப் போனவன், பழைய புத்தகக் கடைகளைத் தாண்டி, பூட்டு, கடிகாரம், கிராமபோன் ஊசி எல்லாம் கொட்டிவைத்திருந்த ஒரு கடையில் ஒரு தட்டைத் துழாவிக்கொண்டிருந்தேன். மஞ்சளாக ஒன்று மின்னியது. விளிம்பில் லைட்ஸ் பெயர். கேமராவை எடுத்துச் செருகிப் பார்த்தேன். 'சொத்' என்று உட்கார்ந்தது. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டார். ஐந்து ரூபாய் சாமானுக்குப் பதினெட்டு ரூபாய் கொடுத்தேன். தேர்வில் அந்தத் தடவை தேறவில்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் என்னிடம் துக்கம் விசாரிக்க முடியாதபடி முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இருந்ததாக அம்மா சொல்வாள்.

எல்மாரில் ஃபில்டர் மாட்டுவதில் ஒரு சள்ளை உண்டு. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அபெர்ச்சர் நெம்பு, லென்ஸின் முகத்திலேயே கண்ணாடிக்குப் பக்கத்தில் பொடிசாக இருக்கும். ஃபில்டரைச் செருகினால் அது உள்ளே மாட்டிக்கொள்ளும். ஆகவே முதலில் வெளிச்சத்தைக் கணக்குப் போட்டு, அபெர்ச்சரை வைத்து, அப்புறம் ஃபில்டரை மாட்டி இறுக்க வேண்டும். மேகம் வந்து வெயில் மறைந்தால் கழற்றி, மாற்றி, மறுபடி மாட்ட வேண்டும். அதற்குள் மேகம் போய்விடும். மஞ்சள் ஃபில்டர் வெளிச்சத்தில் பாதியை விழுங்கும் என்பதால் அதற்கும் சேர்த்துக் கணக்கு. எனக்கு இந்தக் கணக்குகள் பிடித்திருந்தன. சொல்லப்போனால் படத்தைவிடக் கணக்குதான் எனக்குப் பிடித்திருந்தது.

ஃபில்டர் கண்ணாடியைக் காப்பதற்கு மட்டுமல்ல. கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு நீலம் என்றால் கொள்ளை ஆசை. நீல வானத்தை நம் கண்ணைவிட வெளிச்சமாகப் பார்க்கும், அதனால் பிரிண்டில் வானமும் மேகமும் ஒரே வெள்ளையாகிவிடும். மஞ்சள் கண்ணாடி நீலத்தைத் தடுக்கிறது. வானம் கொஞ்சம் கறுக்க, மேகம் எழுந்து நிற்கும். ஆரஞ்சு போட்டால் இன்னும் அதிகம். ஆரஞ்சு ஃபில்டருக்கு நான் எங்கே போவேன்? மளிகைக் கடையில் ஆரஞ்சு நிறக் கண்ணாடித் தாள் வாங்கி, அட்டை வளையத்தில் ஒட்டி, மஞ்சள் ஃபில்டரின் விளிம்புக்குள் செருகித் தேரியை எடுத்தேன். வானம் பிரமாதமாக வந்தது. ஆனால் ஒரு வினோதம். ஆரஞ்சு கண்ணாடி சிவப்பை முழுசாக விட்டுவிடும். தேரியே சிவப்பு. ஆகவே ரத்தச் சிவப்பான மணல் பிரிண்டில் பால் வெள்ளையாக வந்து நின்றது. தலைமை எழுத்தர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மணப்பாடு கடக்கரை நல்லாத்தான்வே இருக்கு, பனை எப்ப நட்டாங்க?" என்றார்.

அப்போது நான் உபயோகித்தது ஆர்வோ என்.பி. 22, கிழக்கு ஜெர்மனி ஃபிலிம். அக்ஃபா கிளிக் வைத்திருந்த நண்பர்கள் ஊட்டித் தொழிற்சாலையின் இந்து ரோல் போடுவார்கள். அந்தத் தொழிற்சாலைக்கு ஆரம்பத்தில் தொழில்நுட்பம் கொடுத்தது போஷே என்ற பிரெஞ்சுக் கம்பெனி என்று மாமா ஒரு தடவை எழுதியிருந்தார். உலகத்தில் எதையும் பிரெஞ்சுக்காரன் தொட்டிருந்தால் அவர் காதுக்கு எப்படியோ செய்தி வந்துவிடும்.

இனி அந்த அலுமினியக் குழாய்.

லென்ஸுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வளையத்தை ஹூட் என்கிறோம். பிரெஞ்சில் 'பார்சொலேய்', வெயில் தடுப்பு என்று பொருள். வெயில் பக்கவாட்டிலிருந்தோ எதிரிலிருந்தோ கண்ணாடி மேல் அடித்தால் படம் வெளிறிப்போகும். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் விழும் ஒளியில் நூற்றுக்கு நாலு பங்கைத் திருப்பி அடிக்கும். எல்மாரில் காற்றைத் தொடும் பரப்பு ஆறு. ஃபில்டர் மாட்டினால் எட்டு. அதாவது ஃபில்டர் மாட்டிய பாவத்துக்கு ஹூட்டும் மாட்ட வேண்டும். லைட்ஸ் கம்பெனி எல்மாருக்கென்றே ஒரு குட்டி ஹூட் செய்திருந்தது. அது மூர் மார்க்கெட்டிலும் கிடைக்கவில்லை. மாமா, "ஹூட் எதுக்கு? தொப்பியாலயோ கையாலயோ மறைச்சுக்க, கை படத்துல விழாம பாத்துக்க, அது போதும்" என்று எழுதினார். இது தமிழில் எழுதிய கடிதம். எனக்கோ கையால் மறைப்பது கௌரவமாகப் படவில்லை. பத்திரிகைக்காரர்கள் கேமராவில் எல்லாம் கறுப்பாக ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அது வேண்டும்.

நம் திருநெல்வேலியில் 1912-ல் பிறந்த மா. கிருஷ்ணன், எழுத்தாளர் மாதவையாவின் மகன், பல கேமராக்களின் பாகங்களைக் கூட்டிச் சேர்த்துத் தானே ஒரு கேமரா அமைத்து, அதற்குச் 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்து, அதில்தான் காட்டு யானைகளை எடுத்தார். அவர் கேமராவையே கட்டும்போது நான் ஒரு வளையம் கடையக் கூடாதா என்று தோன்றியது.

தூத்துக்குடியில் பழைய துறைமுகப் பக்கம், விசைப்படகு எஞ்சின் வேலை பார்க்கும் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். மிஸ்திரி ஐம்பது வயதுக்காரர், கைவேலை தெரிந்தவர். ஃபில்டரை மாதிரிக்குக் கொடுத்து, அதன் மேல் உட்காரும்படி ஒரு குழாய் வேண்டும் என்று சொல்லி, ஒரு காகிதத்தில் படம் வரைந்து நீளத்தையும் எழுதிக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"என்ன சார் இது, ஒண்ணுக்கும் அஞ்சுக்கும் நடுவுல கமா கெடக்கு?"

"அது புள்ளிதான் அண்ணாச்சி. ஒண்ணு புள்ளி அஞ்சு."

"அப்ப ஒண்ணரைன்னு சொல்லுங்க."

"ஆமா, ஒண்ணரை."

நான் சொன்னது ஒன்றரை சென்டிமீட்டர். அவர் கேட்டுக்கொண்டது ஒன்றரை அங்குலம். மெட்ரிக் சட்டம் 1956-லேயே வந்துவிட்டது. அரிசியும் துணியும் மாறிவிட்டன. பட்டறையில் மட்டும் அங்குலமும் நூலும்தான் பேச்சு. கமாவைப் பற்றி இவ்வளவு பேசிய நாங்கள் இருவரும் அளவின் பெயரைச் சொல்லவே இல்லை. பெயர் போடாமல் எண்ணை மட்டும் எழுதியது நான். அரசு அலுவலகத்தில் அப்படி ஒரு குறிப்பு எழுதியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

ஒரு வாரம் கழித்துப் போய் வாங்கினேன். நினைத்ததைவிட இரண்டரை மடங்கு நீளம். பார்த்ததும் தெரிந்தது. ஆனால் என்ன அழகு! வெள்ளி போலப் பளபளத்தது. நீளமாக இருந்தால் இன்னும் நன்றாக வெயிலைத் தடுக்கும், நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டேன். உள்பக்கம் கறுப்புப் பெயின்ட் அடித்தேன். ஃபில்டரின் மேல் கொஞ்சம் லொடலொடவென்று இருந்ததால் இன்லண்ட் லெட்டரை நீளமாகக் கிழித்துச் சுற்றிச் செருகினேன். அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். எல்லோரும் மெச்சினார்கள்.

அது 1978 செப்டம்பர். மணப்பாட்டில் சிலுவைத் திருவிழா செப்டம்பர் 14-ல் நடக்கும். 1581-ல் கட்டிய கோயில், கடலுக்குள் மூக்கை நீட்டிய மணல் குன்றின் மேல் இருக்கிறது. சவேரியார் 1542-ல் வந்து தங்கிய குகையும் அங்கேதான். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களும் போவார்கள். அம்மாவுக்குச் சாத்தான்குளத்தில் ஒரே குறை கடல் இல்லை என்பது. காரைக்காலில் சாயங்காலமானால் கடற்கரைக் காற்று வாங்கியவள். அந்த வருஷம் எல்லோரும் பஸ் ஏறிப் போனோம். அப்பா, அம்மா, அக்கா, அக்காவின் மூன்று பிள்ளைகள், நான்.

சாயங்காலம் நாலரை மணி இருக்கும். கடல் பின்னால் தெரியும்படி அவர்களை உட்காரவைத்தேன். அப்பா நடுவில், அக்கா பக்கத்தில், பிள்ளைகள் மணலில். அம்மா எந்தப் படத்துக்கும் ஓரத்தில்தான் நிற்பாள். "நடுவுல வா" என்றால், "யாராவது புள்ளைங்களப் புடிக்கணும்ல" என்பாள். அன்றைக்கும் வலது ஓரத்தில், பின்னால், கொஞ்சம் மேடான இடத்தில் ஏறி நின்றாள். நான் அபெர்ச்சரை 9-ல் வைத்தேன் (எல்மாரில் 8 கிடையாது, 6.3-க்கு அடுத்து 9), ஃபில்டரை மாட்டினேன், அதன் மேல் ஹூட்டை மாட்டினேன். துவாரத்தில் பார்த்தபோது படத்தின் கீழ் விளிம்பில் ஹூட்டின் வாய் கறுப்பாக ஒரு வளைவு தெரிந்தது. அது பார்க்கும் துவாரத்தைத்தான் மறைக்கிறது, லென்ஸை அல்ல என்று எனக்குத் தெரியும். தெரிந்ததில் தப்பில்லை. எல்லோரும் இருந்தார்கள். அழுத்தினேன்.

பத்து நாள் கழித்துப் பிரிண்ட் வந்தது. மேலே இரண்டு மூலையும் அரிவாளால் சீவியது போலக் கறுப்பு. கீழ் மூலைகளில் லேசாக. இன்லண்ட் லெட்டர் நெகிழ்ந்து ஹூட் முன்பக்கம் தொங்கியிருக்கிறது. குழாய் தொங்கினால் அதன் மேல்சுவர் லென்ஸின் பார்வையில் இறங்கிவிடும், காட்சியில் மேல்பக்கம் போய்விடும். எனக்குத் துவாரத்தில் தெரிந்த கறுப்பு கீழே, படத்தில் விழுந்த கறுப்பு மேலே. வலது மேல் மூலையில் இருந்த அம்மாவின் சேலை தெரிந்தது, அக்காவின் கடைசிப் பிள்ளையின் தோளில் வைத்த கை தெரிந்தது. கழுத்துக்கு மேல் இல்லை.

அப்பா படத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உங்கம்மய எங்கலே?" என்றார். அம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "நான் அன்னிக்கித் தலையே வாரல, நல்லதாப் போச்சு" என்று உள்ளே போய்விட்டாள்.

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஃபிலிமின் கட்டம் 24-க்கு 36 மில்லிமீட்டர். பித்தாகரஸ் கணக்குப்படி மூலைக்கு மூலை 43. லென்ஸ் 50. அதாவது முன்னால் போகும் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் காட்சியின் அகலம் முக்கால் மில்லிமீட்டருக்கு மேல் விரிந்துகொண்டே போகும். ஹூட் நீளமானால் வாயும் அகல வேண்டும், அதனால்தான் நீளமான ஹூட்களைப் புனல் போலச் செய்கிறார்கள். நேர்க் குழாயாக இருந்தால் குட்டையாகத்தான் இருக்க வேண்டும். ஒன்றரை சென்டிமீட்டர் குழாய் மூலையைத் தொட்டிருக்காது. ஒன்றரை அங்குலம் என்பது 38 மில்லிமீட்டர். தொங்காமல் நேராக நின்றிருந்தாலும் மூலை போயிருக்கும். பள்ளிக்கூடப் பையன் போடும் கணக்கு. வாங்கிய அன்றே ஐந்து நிமிஷத்தில் போட்டிருக்கலாம். கணக்குதான் எனக்குப் பிடித்தது என்று மேலே எழுதியிருக்கிறேன்.

அடுத்த தடவை சரியாக எடுக்கலாம் என்று விட்டுவிட்டோம். 1982-ல் அம்மா திடீரென்று போய்விட்டாள். பதினாறாம் நாள் விசேஷத்துக்கு மாட்டப் படம் தேடினால், இந்த ஐந்தாறு வருஷத்தில் நான் எடுத்த நூற்றுக்கணக்கான படத்தில் அம்மாவின் முகம் ஒன்றில்கூட இல்லை. தேரி இருக்கிறது, மேகம் இருக்கிறது, தலைமை எழுத்தர் நாலு தடவை இருக்கிறார். மணப்பாட்டுப் படத்தை ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து, கறுப்பில் முகம் எழுதித் தரச் சொன்னோம். அந்தக் காலத்தில் டச்சிங் செய்கிறவர்கள் கெட்டிக்காரர்கள்தான். அக்காவை எதிரில் உட்காரவைத்து, மூக்கு இப்படி, நெற்றி இப்படி என்று கேட்டுக் கேட்டு எழுதினார். லட்சணமாக இருந்தது. வேறு யாருடைய அம்மாவோ.

கடைசியில் காரைக்கால் ஸ்டுடியோவில் கல்யாணத்துக்கு மறு வருஷம் எடுத்த படத்தைப் பெரிதாக்கி மாட்டினோம். அதில் அவளுக்கு இருபது வயது. பட்டாசாலையில் எழுபதை நெருங்கிய அப்பா சாய்வு நாற்காலியில், மேலே மாலை போட்ட சின்னப் பெண். ஒரு நாள் அப்பா அதைப் பார்த்துக்கொண்டே, "இவள எனக்கு அவ்வளவாப் பழக்கமில்லலே" என்றார். அப்புறம் நான் கேமராவை அதிகம் எடுக்கவில்லை. பழுதென்று எதுவும் இல்லை.

இந்தப் பொங்கலுக்குப் பேரன் கேட்ட கேள்விக்கு இவ்வளவையும் சொன்னேன். அவன் படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நெகட்டிவ் இருக்கிறதா என்று மட்டும் கேட்டான். இருந்தது, பட்டர் பேப்பர் உறையில், தேதியோடு. எழுத்தர் வேலை பார்த்தவன் வீட்டில் அது இல்லாமல் போகுமா. தூத்துக்குடியில் அவனுடைய சிநேகிதன் நெகட்டிவை ஸ்கேன் செய்யும் மெஷின் வைத்திருக்கிறான். அங்கே கொண்டுபோய், இரண்டு நாள் கழித்துக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினான்.

ஹூட் மறைக்கும் இடத்தில் வெளிச்சமும் இருட்டும் கோடு போட்டது போலப் பிரிவதில்லையாம். லென்ஸின் வாய் ஒரு புள்ளி அல்லவே. அதன் ஒரு பக்கத்தை ஹூட் மறைத்தாலும் மறுபக்கம் வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் நுழையும். அந்த இடத்தில் நெகட்டிவில் மெல்லிசாக, மூச்சு பட்ட கண்ணாடி போல உருவம் இருக்கும். ஸ்டுடியோவில் முழுப் படத்துக்கும் சேர்த்துப் பிரிண்ட் போட்டதால் அது கறுப்பில் அமுங்கிவிட்டது. எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் அந்த நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

பேரன் எதையோ இழுக்க இழுக்கக் கறுப்பு சாம்பலாகி, புள்ளி புள்ளியாகக் கரைந்தது. முதலில் காதுத் தோடு வந்தது. பிறகு தாடை. பிறகு வாய், ஏதோ சொல்லிக்கொண்டிருப்பது போல. உச்சி இன்னும் இருட்டிலேயே இருக்கிறது, அது வராது என்றான். நெற்றிக்கு மேல் பட்டையாக ஒன்று தெரிந்தது. ஹூட்டின் நிழலாக்கும் என்று நினைத்தேன். பேரன் பெரிதாக்கினான். விரல்கள். அம்மா இடது கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சாயங்கால வெயில் அவள் முகத்தில் அடித்திருக்கிறது. அப்படியென்றால் சூரியன் என் முதுகுப் பக்கம் இருந்திருக்கிறது. அன்றைக்கு எனக்கு ஹூட்டே தேவைப்படவில்லை.

படத்தை அக்காவுக்கு அனுப்பினேன். போனில் வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அன்னிக்கி அம்ம தலை வாரியிருக்காள்லடா" என்றாள்.